திரும்பி நில்லுங்க சார்

"திரும்பி நில்லுங்க சார்" என்கிறார் தையல்காரர், உதட்டில் நாலு குண்டூசியோடு. பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்தவன் நான். கடைக்குள் ஓரடி வைத்ததும் மறுபடி கதவைப் பார்த்துத் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். முதுகில் இரண்டு பாதங்கள் விழுகின்றன. "பேசாதீங்க, பாக்காதீங்க. ஆளே வரலைன்னு அவன் நினைச்சுக்கணும்." பாதங்கள் இறங்குகின்றன. நாலு காலும் தரையில் பட்ட நொடியே நாய்க்கு ஒரு ரொட்டித் துண்டு கிடைக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. "திரும்பினது திரும்பினீங்க, தோள் அளவையும் எடுத்துடறேன்" என்று டேப்போடு வருகிறார். பேண்ட்டுக்குத் தோள் அளவு எதற்கென்று கேட்க எனக்குத் துணிவில்லை.

நாயின் பெயர் பட்டன். எடை இருபத்தெட்டு கிலோ. பெயர் வைத்தபோது சின்னதாகத்தான் இருந்ததாம்.

எதையும் அளக்காமல் விடுகிறவர் இல்லை இவர். வருகிறவர்கள்மேல் பாதம் பதிந்த உயரத்தை அளவு நோட்டில் குறித்துவைக்கிறார். முதல் வாரம் நாற்பத்தாறு அங்குலம், மூன்றாவது வாரம் முப்பது. நேற்று வந்த தபால்காரருக்கு முழங்கால்தான். "தேறிட்டான்னு நினைச்சேன்" என்றபடி என் கணக்கில் முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டு நிமிர்கிறார். "நீங்க சிரிச்சீங்க, அதான் ஏறிட்டான்."

விளையாட்டில்லை இது. இவர் மனைவிக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து, இப்போது தங்கை வீட்டில் நடை பழகிக்கொண்டிருக்கிறார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை அம்மா வரும்போது ஒரே ஒரு தடவை தாவட்டும்ப்பா, அதுக்கு வேற வீடு பாத்துடுவேன்" என்று மகள் கறாராக அறிவித்திருக்கிறாள். தாவக் கற்றுக்கொடுத்ததே அந்த அம்மாதான். ஒன்பது வருஷமாக, "வாடா என் ராசா" என்று இரண்டு கைகளையும் விரித்தபடிதான் வீட்டுக்குள் நுழைவாராம். "அவளுக்கும் சேத்துத்தான் டிரெய்னிங் குடுக்கணும். அதை அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்கிறார்.

ஆகவே ஒத்திகை. மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு, இரவல் வாங்கிய வாக்கரை ஊன்றி, வீட்டின் முன்னறையான தன் கடைக்குள் தானே நாளொன்றுக்கு நாற்பது முறை நுழைகிறார். பாதிக் கால் செருப்புக்கு வெளியே கிடக்கிறது. துணி கொடுக்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அந்த மனிதர் உள்ளுக்குள் நடுங்கிப்போயிருக்கிறார் என்று பிறகுதான் உறைத்தது.

ஞாயிறன்று பேண்ட்டை வாங்குகிற சாக்கில் போனேன். கார் வந்து நின்றது. வாக்கர் மெதுவாகப் படி ஏறியது. பட்டன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. உடம்பெல்லாம் உதற, தொண்டைக்குள் அழுதுகொண்டு, பாதங்களைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவரால் குனியவும் முடியாது, வாக்கரை விட்டுக் கையை எடுக்கவும் முடியாது.

"என்னங்க, என்னை மறந்துட்டானா?"

தையல்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து, நாயின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே தூக்கி, மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.