பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் வந்த கல்

மாமாவுக்குப் பொம்பிளை பார்க்க நாவற்குடாவிலிருந்து சித்தாண்டிக்குப் போன அன்று, வழி முழுக்க அம்மா அவருக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டே வந்தார். நிமிர்ந்து இரு, சும்மா பல்லைக் காட்டாதே, போன இடத்தில் சோடா கேட்காதே. எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் தம்பியான மாமா நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவர். அறுவடைக் காலத்தில் விடிந்தால் வயல் வட்டைக்குள் இறங்கி, பொழுதுபடும்வரை வெயிலில்தான் கிடப்பார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி மெசினை நிறுத்தி இறங்கவேண்டும் என்று, பொரித்த கருவாட்டோடு சோற்றைத் தின்றுவிட்டு ஒரு சோடாவோடு பகலைக் கடத்திவிடுவார். அதைத் தன் கெட்டித்தனமாகவே சொல்லுவார்.

பொம்பிளை வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. என் முன்னால் பயற்றம் பணியாரத் தட்டு இருந்ததால் நான் வேறெதையும் கவனிக்கவில்லை. பொம்பிளை தேநீரோடு வந்து நின்றபோது, மாமா கோப்பையை எடுக்காமல் இடுப்பைப் பிடித்தார். முகம் வேர்த்தது. அடுத்த நிமிடம் கதிரையிலிருந்து சரிந்து, "ஐயோ அக்கா" என்று நிலத்தில் உருண்டார்.

அம்மா விறைத்துப்போனார். மாமா செத்துவிடுவார் என்று நான் பணியாரத்தை வாயில் வைத்தபடியே அழத் தொடங்கினேன். பொம்பிளையின் தகப்பன் மட்டும் பதறவில்லை. பக்கத்தில் குந்தி, "விலாவில இருந்து கீழ இழுக்குதா மனே?" என்று கேட்டார்.

"ஓம்... ஓம்..."

"கல்லுதான்! எனக்கு ரெண்டு தரம் வந்தது."

சொந்தக்காரனைக் கண்டதுபோல அவர் முகம் மலர்ந்தது. ஓட்டோ கொண்டுவந்த அயல்வீட்டுக்காரர் தனக்கும் வந்தது என்றார். தன் மச்சானுக்கு வந்த கதையை ஆஸ்பத்திரி வாசல்வரை சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்து முடிய மாமாவுக்குச் சிரிப்புத் திரும்பியது. சிறுநீரகத்தில் சின்னக் கல், தானாகவே கழிந்துவிடும் என்றார் டொக்டர். வெயில் காலத்தில் இந்த வலியோடு வருகிறவர்கள் ஏராளமாம்.

"தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?"

"சோடா குடிக்கிறன், டொக்டர்."

கூட வந்திருந்த பொம்பிளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். வேர்க்க வேர்க்க வேலை செய்து தண்ணீரும் குடிக்காவிட்டால் கல் வராமல் என்ன செய்யும் என்று டொக்டர் ஏசினார். உப்புக் கருவாட்டுக்கும் இனிப்புச் சோடாவுக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம் என்றும் சொன்னார். அம்மா பொம்பிளை வீட்டாரை ஒருதரம் பார்த்துவிட்டு, "எங்கட அப்பாக்கும் இருந்தது" என்று மெல்ல ஒப்புக்கொண்டார்.

"எனக்கும்தானே!" என்று பொம்பிளையின் தகப்பன் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்.

எனக்கு உடனே ஒரு கவலை பிடித்தது. "அப்ப மாமாக்கும் இந்த மாமிக்கும் புள்ள பிறந்தா, ரெண்டு பக்கத்தாலயும் கல்லு வருமா?"

டொக்டர் உட்பட எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அதுக்கென்ன, நாங்க நல்லாத் தண்ணியக் குடுத்து வளப்பம் புள்ள" என்றார் பொம்பிளையின் தகப்பன். பொம்பிளை தலையைக் குனிந்துகொண்டார்.

பிறக்கப்போகும் பிள்ளையின் கல்லை நினைத்துத்தான் குனிகிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கலியாணத்துக்கு அதுவரை யாரும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை என்பதும், இப்போது சொல்லி முடிந்துவிட்டது என்பதும் எனக்கு விளங்கவேயில்லை.