வான்கோழி துருக்கியைப் பார்த்ததே இல்லை

என் அத்தானுக்கு அருங்காட்சியகத்தில் பறவைக் கூடத்து வழிகாட்டி வேலை. கண்ணாடிப் பெட்டிகளில் பஞ்சடைத்து நிற்கும் பறவைகளின் ஆங்கிலப் பெயர் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

"வான்கோழிக்கு இங்கிலீஷ்ல டர்க்கி. ஆனா இது துருக்கியைப் பார்த்ததே இல்ல, சொந்த ஊரு அமெரிக்கா. துருக்கி வியாபாரிங்க வித்த வேற ஏதோ கோழின்னு நெனச்சு வெள்ளைக்காரன் வச்ச பேரு. துருக்கிக்காரன் மட்டும் சும்மா இருந்தானா? இது இந்தியாவுலேர்ந்து வந்துச்சுன்னு பேரு வச்சுட்டான். ஆளாளுக்கு அடுத்தவன் தலையில கட்டிட்டாங்க."

வீட்டிலும் இதே பாட்டுத்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே கொக்கிலிருந்து குருவி வரை வருவார். அக்காவுக்குப் பொறுக்காது. "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்களேன்" என்பாள். இருபத்திரண்டு வருடம் சொன்னாள்.

ஒரு நாள் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூபி என்ற கடற்பறவையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பயமில்லாமல் கப்பலில் வந்து உட்கார்ந்ததால் ஸ்பெயின் மாலுமிகள் அதை முட்டாள் என்றார்கள், அவர்கள் பாஷையில் போபோ; அதுதான் பூபி ஆனது. "நம்பி வந்ததைப் பிடிச்சுத் தின்னவன் புத்திசாலி, வந்தது முட்டாளாம்" என்றவர் அப்படியே சரிந்தார். அதுவும் வேடிக்கை என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம்.

பக்கவாதம். கையும் காலும் மெல்லத் தேறின, பேச்சு மட்டும் வரவில்லை. "மொத ஆறு மாசத்துல வர்றதுதான் அதிகம். அவருக்குப் பிடிச்சதையே பேசிக்கிட்டிருங்க" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். ஐந்தரை மாதம் ஓடியும் ஒரு சொல்கூட வரவில்லை. "என் கருநாக்குடா. நான்தான் வாயை மூடச் சொன்னேன்" என்று அக்கா என்னிடம் அழுதாள்.

அருங்காட்சியகத்தில் விற்கும் பறவைப் பட அட்டைகளை வாங்கி வந்தாள். காலை, மாலை அவர் எதிரே உட்கார்ந்து அவர் கதைகளை அவருக்கே சொன்னாள். கொடுமை என்னவென்றால், அவள் ஒன்றையும் காதில் வாங்கியிருக்கவில்லை. வான்கோழியைத் துருக்கியில் பிறக்க வைத்தாள். பூபிக்குப் பல் வலி என்றாள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம். பழுப்புநிறப் பறவை ஒன்றின் அட்டையைத் தூக்கினாள்.

"இது பக்கிங்க. இங்கிலீஷ்ல கோட்சக்கர், ஆட்டை உறிஞ்சின்னு அர்த்தம். ஆட்டு மடியில வாய் வச்சுப் பால் குடிக்கும். திருட்டுப் பறவை."

அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. அது ஒரு சொட்டுப் பாலும் குடித்ததில்லை, ஆட்டைச் சுற்றிப் பறக்கும் பூச்சிக்காக வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். உதடு கோணியது, நடுங்கியது.

"இல்ல" என்றார்.

அக்கா அட்டையைப் போட்டுவிட்டு அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "பேசிட்டீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. தண்ணி வேணுமா?"

"இல்ல."

தம்ளரைக் கொடுத்தால் மடமடவென்று குடித்தார்.

"பசிக்குதா?"

"இல்ல."

தட்டை வைத்ததும் கை தானாகப் போனது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு சொல்தான் வந்திருக்கிறது, எதற்கும் அதுதான். "போதும்க்கா, விடு" என்றேன். அவள் எங்கே கேட்டாள்?

"நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"இல்ல" என்றார். சொன்னது தனக்கே பிடிக்காதவர்போலத் தலையை ஆட்டினார். கண் நிறைந்து வழிந்தது.

அக்கா கீழே கிடந்த அட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"இல்ல."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அதையே மறுபடியும் கேட்டாள்.