மூன்றாவது க்ளீனிங்

இதைச் சொல்லலாமென்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் பேச்சை மாற்றிவிட்டேன். நடந்தது பட்டப்பகலில், என் வீட்டில், என் கண்ணெதிரில். கனவென்று தள்ளிவிடவும் வழியில்லை.

அன்று என் மகளின் வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குள் புகைப்படம் ஒட்டி நேரில் கொடுக்க வேண்டும். தெருமுனை ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. வீட்டு பிரிண்டரிலேயே எடுத்துத் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

3:20. முதல் படம். அவள் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள்.

“என்னப்பா, ஜெயில் கம்பிக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கேன்!”

சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்குத் துணி தேய்க்கப் போனாள்.

மை வரும் துளை அடைத்துக்கொண்டால் இப்படித்தான் கோடு விழும். கணினியில் ‘ஹெட் க்ளீனிங்’ கொடுத்தேன். கரகரவென்று ஓடி நின்றது.

3:31. கோடுகள் போய்விட்டன. ஆனால் அவள் தோளில் ஏதோ தீற்றல். உருளையில் மை ஒட்டியிருக்கும் என்று துடைத்தேன். மறுபடி க்ளீனிங்.

3:44. தீற்றல் நான்காகப் பிரிந்திருந்தது.

விரல்கள்.

திரையைப் பார்த்தேன். அதில் அவள் மட்டும்தான். பின்னால் வெறும் சுவர்.

“அப்பா, முடிஞ்சுதா?”

“இரும்மா... இன்னும் ஒண்ணு.”

அதோடு விட்டிருக்கலாம். மண்டைக்குள் ஐந்து மணி மட்டும்தான் இருந்தது. மூன்றாவது முறையும் கொடுத்தேன்.

டக்... டக்... டக்... தாள் மெல்ல இறங்கியது.

3:52. அத்தனை தெளிவு. அவள் தலைமுடி செம்பட்டையாக வந்திருந்தது. விரல்கள் மட்டும் கன்னங்கறுப்பு.

இப்போது தோளில் இல்லை.

கழுத்தில்.

பக்கத்து அறையில் இருமல்.

“அப்பா... மூச்சு...”

ஓடினேன். கழுத்தைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள். கண்கள் செருகின. படம் இன்னும் என் கையில்...

என்ன தோன்றியதோ, கிழித்தேன்.

அவள் மூச்சை இழுத்தாள்.

ஐந்து மணி அடித்தபோதும் இருவரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுவாரம் பிரிண்டரை விற்றுத் தள்ளிவிட நினைத்து மெக்கானிக்கை வரவழைத்தேன். திறந்து பார்த்ததுமே சிரித்தார்.

“சார், கறுப்பு கார்ட்ரிட்ஜ் புதுசா மாட்டினீங்களா?”

“ஆமா. ரெண்டு வாரம் இருக்கும்.”

“அடியில ஒட்டியிருக்கிற டேப்பை உரிச்சுட்டுதான் மாட்டணும். நீங்க உரிக்கவே இல்லையே! இதுலேருந்து ஒரு சொட்டு கறுப்பு வந்திருக்காது.”

கார்ட்ரிட்ஜைக் கையில் வைத்து எடை பார்த்தார். காதருகே ஆட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

“டேப் அப்படியே இருக்கு சார்... ஆனா உள்ள மை இல்லையே?”