மதாம்மாவின் வண்டியில் தண்ணீர் நின்றபோது

அந்தக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. முதலில் சத்தம்தான் வரும். கட்டிலுக்கு அடியிலிருந்து சின்ன மோட்டார் ஒன்று கிர்ரென்று முனகும், பிறகு விரல் கனத்தில் தண்ணீர் விழும். நான் போன அன்று சத்தமே இல்லை. தொண்ணூறுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அந்த வண்டி மூன்று வாரமாக நின்றது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்த வீட்டு வண்டி. எதிரே சாயாக்கடை வைத்திருந்த அக்காதான், பம்பு ரிப்பேர் பார்க்கிறவன் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "தம்பி, மதாம்மா வெள்ளமில்லாம கஷ்டப்படுது. நீ ஒண்ணு போயி நோக்கு." அங்கே தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள்.

வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் ஊரில் மதாம்மா என்போம், ஆண்களைச் சாயிப்பு என்போம். மதாம்மாவின் புருஷன் சாயிப்பு கட்டிலில் கிடந்தார். வழியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை மதாம்மா இந்தப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியாகுமரிவரை வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசையாம். "தண்ணீர் வந்தால் போதும், நாளைக்கே கிளம்பிவிடுவோம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பம்பு டப்பாக்களில் அச்சிட்டிருக்கும் அளவுக்குத்தான் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும் அது புரிந்தது.

கட்டில் பலகையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பம்பின் வயர் கழன்றிருந்தது. செருகினேன், தண்ணீர் வந்தது. மறுநாள் காலையில் மறுபடி நின்றுவிட்டது. இந்த முறை முனையை இறுக்கி, டேப்பும் சுற்றினேன். மூன்றாம் நாளும் ஆள் வந்தது. ஓடுகிற வண்டி என்றால் குலுக்கலில் கழன்றது என்று சொல்லலாம். இது நகரவே இல்லையே. எலியாகத்தான் இருக்கும் என்று மதாம்மாவிடம் சொன்னேன்.

வயரை முழுக்கப் பார்க்க, வண்டியின் பக்கவாட்டில் சாமான் வைக்கும் சின்னக் கதவு வழியாகக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனேன். பம்பு கைக்கு எட்டியது. வயரைச் செருகிவிட்டுத் திரும்ப முயன்றபோது தோள் இரண்டும் மாட்டிக்கொண்டன. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது, இன்னொன்று உடம்புக்கு அடியில் நசுங்கியது. மதாம்மா கேனை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். தகரம் கொதித்தது. மூச்சை இழுத்தால் முதுகு பலகையில் இடித்தது. மேலே சாயிப்பு மூச்சு விடுவது என் காதுக்கு அருகில் கேட்டது. கத்தினேன். யாரும் வரவில்லை.

அப்போதுதான் இடுக்கு வழியாக அந்தக் கை இறங்கியது. இடது கை. தடவித் தடவி வந்த விரல்கள் என் தலைமுடியில் பட்டு நின்றன. நானும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் நெற்றியைத் தாண்டி மெதுவாகப் போய், வயரைப் பிடித்து இழுத்தன.

மதாம்மா திரும்பி வந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். "எலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த இருட்டுக்குள் நான் கிடந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. அவர் மூன்று வாரமாகக் கிடந்தார். என் இடது கையைத் தூக்கி, வயரை இழுப்பதுபோல் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒரு ஸ்பூனைக்கூட அவரால் பிடிக்க முடியாது. நான்தான் ஊட்டுகிறேன். நீ போ."

மறுநாள் மதியம் அக்காவே என் வீட்டுக்கு வந்தாள். "மதாம்மா விளிக்குது. என்னமோ ஆயிப்போச்சு, வேகம் வா."

மதாம்மா வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள். சட்டை முழுக்கக் கிரீஸ், முழங்கை உரிந்து ரத்தம். "வெளியே போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நானும் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் படுத்தேன்" என்றாள். "பார்த்தேன்." முழங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "வலிக்கிறதா, பசிக்கிறதா என்று தினமும் கேட்டேன். வீட்டுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்கவில்லை."

"இப்போ கேட்டீங்களா?" என்றேன் தமிழிலேயே.

என்ன புரிந்ததோ, தலையாட்டினாள். "அழுதார். குழந்தை மாதிரி."

அந்த வாரமே ஆம்புலன்ஸ் வந்தது, விமான நிலையத்துக்கு. வண்டியைக் கப்பலில் அனுப்ப வேறு யாரோ ஏற்பாடு செய்தார்கள். சாயிப்பைப் படுக்கையோடு வெளியே இறக்கியபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வெயில் முகத்தில் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்ற கூச்சத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். நோயாளியின் பிடி அல்ல அது. ஆம்புலன்ஸ் கதவுவரை விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தும் விடவில்லை. கடைசியில் மதாம்மாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.