பாலிக்குப் போக இருந்த புடவைகள்

போன வருஷம் மே மாதம், திண்டுக்கல் நாகல் நகரில் என் மகள் வீட்டில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். அவளைப் பற்றி வருகிற இடத்திலும் எதையும் விடாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மகள், மருமகன், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு வந்து போகிற பேத்தி, நான், அப்புறம் மருமகனின் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா. அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எல்லோரையும் போல நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஜெபமாலை சொல்லும்போது ஒரு வார்த்தை தடுக்கினாலும் கட்டிலில் இருந்தபடியே திருத்துவார். கைநாட்டு என்று என்னை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது.

பேத்திக்குத் திடீரென்று ஒரு ஆசை. பாலி என்று ஒரு தீவாம். அங்கே போய் சர்ஃபிங் படிக்கப் போகிறாளாம். கடலில் அலை வரும்போது ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நிற்பதுதான் சர்ஃபிங். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு அண்டா குண்டா எல்லாம் நிரப்பி வைக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு ஆசை வருமா? வந்துவிட்டது. ஹாலில் பாயை விரித்துக் கவிழ்ந்து படுப்பாள், துள்ளி எழுந்து பாதி குத்தவைத்த மாதிரி நிற்பாள். அதுதான் பயிற்சி. டீச்சர் படுத்துக்கொண்டே, முழங்காலை இன்னும் மடக்கு என்று டிரில் மாஸ்டர் மாதிரி சொல்லிக்கொடுப்பார். அவரும் கடலில் இறங்கியதில்லை, அது வேறு விஷயம்.

என்னையும் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணித் திருவிழாவில். இடுப்பில் கைப்பிள்ளை, முன்னால் ஆயிரம் தலை. அந்தத் தலைகளுக்கு மேலே நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அவ்வளவுதான் நான் பார்த்த கடல். பாஸ்போர்ட்டுக்குப் பெருவிரலை உருட்டி வைத்துவிட்டு வந்த அன்றைக்கே, கோயிலுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

சாயங்காலம் ஆனால் பேத்தி போனில் வீடுகளைக் காட்டுவாள். வாடகை வீடுதான், ஆனால் நம் ஊர் வாடகை வீடு மாதிரி இல்லை. வில்லா என்று சொன்னாள். வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம். காலையில் வந்து சமைத்துக் கொடுக்க ஒரு ஆள். ஒரு வீட்டில் குளிக்கிற தொட்டி நிறையப் பூவைக் கொட்டி வைத்திருந்தார்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் இருந்து ஒரு மூட்டையை அப்படியே கவிழ்த்த மாதிரி. இம்புட்டுப் பூவையும் ஊறவைத்து யார் கட்டுவது என்று கேட்டேன். டீச்சருக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது, நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

பத்து வீடு பார்த்து, கடல் தெரிகிற ஒரு மாடி வீட்டை முடிவு செய்தார்கள். மாடிப்படி இருக்கிறதே, டீச்சரை எப்படித் தூக்குவது என்று கேட்டேன். அதெல்லாம் பார்த்துக்கலாம் அம்மாச்சி என்று பேத்தி போனை மூடிவிட்டாள். டீச்சரும் வருகிறார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால், மகள் தரையில் உட்கார்ந்து டீச்சரின் நைட்டி, துண்டு, உள்பாவாடை எல்லாவற்றிலும் ஓரத்தில் கறுப்புப் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். அத்தை பேர் என்றாள். ஏரோப்ளேனில் பெட்டி தனியாகப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். துணி மாறிப் போகாமல் இருக்கத்தான் எழுதுகிறாள் போல என்று நினைத்தேன். என்ன புத்திசாலி என் மகள் என்று பெருமை வேறு. உள்ளே போய் நான் எடுத்து வைத்திருந்த நாலு புடவை, ரெண்டு துண்டு, ரவிக்கை எல்லாவற்றையும் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன்.

"எனக்கும் எழுதுடி."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதி முடித்த ரவிக்கையையே ரெண்டாம் தடவையும் எடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அடுத்த துண்டை இழுத்துக்கொண்டாள். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் பொறுக்காத டீச்சர், அன்றைக்கு எட்டிப் பார்க்கவே இல்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் மகள் உண்மையைச் சொன்னாள். டீச்சரை அன்றைக்கே கொடைரோடு பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறார்களாம். பத்து நாளைக்குத்தானாம். எல்லோர் துணியையும் அங்கே ஒன்றாகப் போட்டுத் துவைப்பதால், ஒவ்வொன்றிலும் பேர் எழுதித்தான் அனுப்ப வேண்டுமாம்.

பேர் எழுதியதற்குப் பெருமைப்பட்டதை நினைத்து வெட்கமாகிவிட்டது. ஆனாலும் உள்ளது உள்ளபடி சொல்கிறேன், நான் போகவில்லை என்று அப்போது என் வாயில் வரவில்லை. பத்து நாள்தானே என்று நானும் நினைத்தேன். கடல் அம்புட்டு ஆசை காட்டியிருந்தது.

எல்லோருமாகக் காரில் கிளம்பினோம், நான் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இல்லத்தை ஒன்றும் குறை சொல்ல முடியாது. தரை சுத்தமாக இருந்தது, சிஸ்டர்மார் அன்பாகப் பேசினார்கள். வரிசையாக இரும்புக் கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் விசிறியோடு ஒரு அம்மா. டீச்சரைப் படுக்க வைத்துப் பையைத் திறந்ததும், அந்தம்மா எட்டி ஒரு துண்டின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தன நாளுன்னு சொல்லியிருக்காக?"

"பத்து நாளுங்கம்மா," என்றேன்.

"எனக்கும் பத்துன்னுதான் சொன்னாக. மூணு கிறிஸ்மஸ் போயிருச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். என் வாழ்நாளில் முதல்தடவையாக அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஒரு நொடிதான். உடனே பழைய டீச்சர் ஆகிவிட்டார்.

"போங்க சம்பந்தி. கடல நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

வெளியே வரும்போது மகள் இன்னொன்றும் சொன்னாள். முதலில் போட்ட திட்டத்தில் நான் கிடையாதாம். அவர்கள் மூன்று பேர் மட்டும் போவது, டீச்சரைத் தூக்கி எடுக்க ஒரு ஆளை வைத்துவிட்டு நான் கூட இருப்பது என்றுதான் பேச்சாம். டீச்சர்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம். சம்பந்தி ஒரு தடவையாவது கடலைப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், நான் இல்லத்தில் இருந்துகொள்கிறேன் என்று அவராகவே சொன்னாராம்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். ஏறத்தான் செய்தேன், மறைக்கவில்லை. கேட் வரைக்கும் வண்டி வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் வழியாக டீச்சரின் கட்டில் தெரிந்தது. மருமகனிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

மருமகன் வண்டியை நிறுத்தினார். மகள், நாளைக்கு ஏரோப்ளேன் என்றாள். பேத்தி அழுதுகொண்டே, டிக்கெட் எடுத்தாச்சு அம்மாச்சி என்றாள். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடவும் நேரம் இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்.

"நீங்க போயிட்டு வாங்க. என் பைய மட்டும் சாயங்காலம் கொண்டாந்து குடுங்க. அதுலயும் பேரு எழுதித்தான இருக்கு. வரும்போது ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க."

என் மகள் கெட்டவள் இல்லை. அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவின் பிள்ளைகளும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். பத்து நாள் கழித்து வீடு லேசாக இருந்திருக்கும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள், அப்படியே போயிருக்கும். எனக்கு அந்தப் பயம்தான். பெற்ற தாயும் அங்கே இருந்தால் மகள் வந்துதானே ஆக வேண்டும்.

பெரிய சிஸ்டர் யோசித்தார், பிறகு ஒரு கட்டிலைக் கொடுத்தார். திரும்பி வந்து நின்ற என்னைப் பார்த்து டீச்சருக்குக் கோபமான கோபம். அறிவிருக்கா உங்களுக்கு என்று கேட்டார். அறிவெல்லாம் உங்களிடம் இருப்பதே போதும் என்றேன். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லாயிருக்கிற அந்த ஒரு கையால்.

அங்கே பத்து நாளும் எங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? பாலிதான். வில்லாப் படங்களைப் பேத்தி என் போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்தாள். கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மாடி ரூம் ஒருவருக்கு, நீச்சல் குளத்துப் பக்கம் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தோம். பூ மிதக்கிற தொட்டிக்குத்தான் பெரிய போட்டி. பேத்தி பலகையில் ஏறி, நிற்பதற்குள் குப்புற விழுகிற வீடியோ வந்தது. முழங்காலை மடக்கவில்லை என்று டீச்சர் அங்கலாய்த்தார். அத்தனை கிழவிகளும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில் அம்மா எந்த ரூமும் கேட்கவில்லை. படத்தைக் கிட்டே வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வாசல் எந்தப் படத்திலும் இல்லை. அவர் கட்டிலில் இருந்து பார்த்தால் இல்லத்து கேட் நேராகத் தெரியும்.

சொன்னபடி பதினோராம் நாள் கார் வந்தது. மகள் ஓடி வந்து, என்னிடம் வராமல் நேராக டீச்சரிடம் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது பக்கத்துக் கட்டில் அம்மா விசிறியை ஆட்டிக்காட்டினார். கார் பெரிய ரோட்டில் ஏறியதும், கடல் எப்படி இருந்தது சம்பந்தி என்று டீச்சர் என்னைக் கேட்டார். அழுதுகொண்டே சிரித்தோம்.

இன்றைக்கும் டீச்சர் வீட்டில் அவருடைய பழைய கட்டிலில் படுத்துக்கொண்டு, பேத்தி எழுதுவதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை தடவை துவைத்தும் என் புடவை ஓரத்தில் அந்தக் கறுப்பு எழுத்து போகவில்லை. கடலைப் பார்க்காததில் எனக்கு இம்மியும் வருத்தம் இல்லை. ஆனால் கொசுவம் வைக்கும்போது அந்த எழுத்து கைக்கு வந்தால், கேட்டைப் பார்த்தபடி விசிறிக்கொண்டிருக்கிற அந்தம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேர் மட்டும் காரில் ஏறி வந்தோமே என்று அந்த மடிப்பிலேயே கை நின்றுவிடுகிறது.