மாங்கா வண்டியின் நட்டில் வைத்த பொட்டு

மாதத்தில் ஒரு நாள். வனமாமலைக்கும் அவர் மனைவி செந்தாமரைக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். வனமாமலைக்கு ஒரகடத்தில் கார் ஆலையில் வேலை. வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். அவருக்குச் சொந்த ஊர் நாங்குநேரி. மணிமங்கலத்துக்காரரான செந்தாமரைக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலை. அங்கே ஷிப்ட் வேறு கணக்கில் மாறும். படப்பையைத் தாண்டிய மனைப்பிரிவில் குடியிருக்கும் இவர்களில் ஒருவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் மற்றவர் ஏறுவார்.

அந்த ஒரு நாளுக்காகத்தான் வண்டி. பழைய காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் சின்ன டிரெய்லர். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் ஒற்றை அடுப்பு, ஒரு தட்டு, மிளகாய்த்தூள் டப்பா. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்திருப்பதால் தெருவில் அதற்கு மாங்கா வண்டி என்று பெயர். இரும்புச் சட்டத்தை வனமாமலையே வெல்டிங் செய்தார். பதிவு எண் வாங்க அலைந்த கதையைக் கேட்டால் இருவரும் சிரிப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

முதல் ஓட்டம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை. காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு பழவேற்காடு, கொல்லிமலை, ஏலகிரி. எங்கே போனாலும் விடியுமுன் இருவருக்கும் விழிப்பு வந்துவிடும். பஸ் பிடிக்கும் உடம்பு அது. அடுப்பை மூட்டி டீ போட்டுவிட்டு வெயில் வரும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன ஆயுத பூஜையை ஒட்டி இரண்டு ஆலைகளுக்கும் விடுமுறை. ஜவ்வாது மலை போவதாகத் திட்டம். பூஜைக்கு முந்தின நாள் மாலை வனமாமலை சக்கரங்களைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்தார். திரும்ப மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி வைத்தபோது கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஸ்பானரால் முறுக்குவதை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினார். காலையில் வந்து படுத்தவர் மாலைதான் எழுந்தார். இடையில் செந்தாமரை வண்டியைக் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார். சந்தனம் நட்டில் நிற்கவில்லை. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஒவ்வொரு நட்டிலும் ஒரு புள்ளி வைத்தார்.

வனமாமலை ஆலையில் இருப்பது சக்கரம் மாட்டும் இடத்தில். அங்கே நட்டை அளவாக முறுக்கியதும் பெயின்ட் மார்க்கரால் சிவப்பில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது, யாரும் மறுபடி கை வைப்பதில்லை. விஜயதசமி காலையில் அவர் வண்டியைச் சுற்றி வந்தார். எல்லா நட்டிலும் சிவப்பு. கிளம்பிவிட்டார்கள்.

வாலாஜாபாத்துக்கு முன்னால் இடது சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் சேலையை உரசிக்கொண்டு போய் டீக்கடைப் பெஞ்சில் மோதி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து தார் ரோட்டைக் கீறி நின்றது.

"ஷூட்டிங் வண்டியா சார்? ஹீரோயின் எங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"நாந்தாங்க" என்று சொல்லிவிட்டுச் செந்தாமரை கணவரிடம் திரும்பினார். "இன்னாப்பா, டைட் பண்ணலியா நீ?"

"பண்ணிருக்கேம்லா. மார்க் கெடந்துச்சு, என் கண்ணால பாத்தேன்."

செந்தாமரை குனிந்து மறுபக்கச் சக்கரத்தின் நட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் சிவந்தது. "இது உன் மார்க்கா? நான் வெச்ச குங்குமம்பா."

வனமாமலை பஸ்ஸுக்கு நின்ற பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அன்று வீடு திரும்பியதும் வண்டிக்குத் தார்ப்பாய் போட்ட வனமாமலை பல நாள் அதைத் தொடவே இல்லை. விற்றுவிடுவதென்று முடிவு செய்து, படப்பை பஸ் நிறுத்தத்தில் ஜூஸ் போடும் கன்னியப்பனிடம் சொன்னார். கன்னியப்பன் வந்து தார்ப்பாயை விலக்கிப் பின்கதவைத் தூக்கிப் பார்த்தார். "சூப்பர்பா. தூக்குனா கடை, எறக்குனா ஷட்டர்."

அவர் போனதும் சண்டை.

"உங்க கம்பெனி லைன்ல தப்பு நடந்தா லைனையே வித்துடுவாங்களா?" என்றார் செந்தாமரை.

"ஏட்டி, அந்தப் பொம்பள மேல ஏறிருந்தா? தெனமும் அதே சோலிய பாக்குறவன் நான். எனக்கே தெரியல பாத்தியா."

"ஏறிருந்தா வித்தாலும் தீராது. ஏறல." செந்தாமரை விடவில்லை. "இத வித்துட்டு இன்னா பண்ணுவ? நீ வரச்சொல்ல நான் கெளம்பினுகீறேன், நான் வரச்சொல்ல நீ தூங்கினுகீற. ஒரே வூட்ல ரெண்டு வாடகைக்காரங்க மாரி. அந்த மாங்காக்குள்ள மட்டுந்தான் நீ எங்கிட்ட பேசற."

வனமாமலை தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"சரி, இத சொல்லு. அங்க முறுக்குனவனே செக் பண்ணுவானா?"

"அதெப்படி? அடுத்த ஆளு பாப்பான்."

"இங்க அடுத்த ஆளு யாரு?"

ஆலையில் செந்தாமரையின் வேலையே சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்துக் குறை உள்ளதை ஒதுக்குவது. ஒரு வாரம் கழித்து வனமாமலை தார்ப்பாயை எடுத்தார். நட்டு முறுக்குவது எப்படி, முறுக்கின் அளவு காட்டும் ஸ்பானர் எந்த இடத்தில் 'டக்' என்று சொல்லும் என்று மனைவிக்குச் செய்து காட்டினார். இப்போது அவர் முறுக்கிப் புள்ளி வைத்த பிறகு செந்தாமரை ஒவ்வொன்றையும் ஸ்பானர் போட்டுப் பார்த்து வெள்ளையில் கோடு இழுக்கிறார். முதல் தடவையே ஒரு நட்டை ரிஜெக்ட் செய்தார்.

"வேணும்னே பண்ணுதா" என்கிறார் வனமாமலை.

கன்னியப்பனிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு தள்ளுவண்டி வாங்கிவிட்டார். இருவருக்கும் சேர்ந்தாற்போல் அடுத்த விடுமுறை ஜனவரி இரண்டாம் ஞாயிறு. ஜவ்வாது மலைக்குப் போகிறார்கள். கார் ஓட்டப்போவது செந்தாமரை.