கதிரேசன் போட்ட கோடு

செய்தி வந்தபோது நான் கதிரேசன்மேல் கோபமாக இருந்தேன். முழங்கால் ஸ்கேனுக்கு வந்த கபடி வீரர் ஒருவர், "கதிரேசன் டாக்டரே பாக்கட்டும் சார், நான் இருக்கேன்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர்தான். இருவரும் இந்த ஸ்கேன் மையத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். வரட்டும், வந்து கிழிக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சோழவந்தானிலிருந்து அவன் தம்பி போனில் பேசினார். குளித்துவிட்டு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவ்வளவுதான். பெஞ்சிலிருந்தவரிடம் சொன்னேன். நான் அழுவதற்கு முன்பே அவர் அழுதுவிட்டார். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

முழங்கால் ஜவ்வு அறுந்தால் அதைச் சுற்றியுள்ள எலும்பும் மெல்ல வலுவிழக்கும். இது நாங்கள் எல்லோரும் படித்ததுதான். அதை விடாமல் அளந்தவன் அவன். சி.டி. படத்தில் இயந்திரம் தானாகப் போடும் வட்டத்தை நம்பமாட்டான். மவுஸைப் பிடித்து எலும்பின் ஓரத்தைச் சுற்றித் தானே கோடு போட்டு, அதற்குள் அடர்த்தியை அளப்பான். வலியில்லாத முழங்காலையும் படமெடுத்து அதனோடு ஒப்பிடுவான். "அந்தாளுக்கு அந்தாளுதான் அளவுகோல் மாப்ள. புத்தகத்துல இருக்கவன் இவனுக்கு என்ன சொந்தமா?" என்பான். அதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை வயிறெரிந்திருக்கிறேன்.

ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் அவனை மடக்கினேன். அடிபட்டவர் மாதக்கணக்கில் நடமாட்டமில்லாமல் கிடந்தால் நல்ல முழங்காலிலும் எலும்பு குறையுமே, அதனோடு ஒப்பிட்டால் இழப்பு குறைவாகத்தானே தெரியும் என்று கேட்டேன். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். அவன் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினான். "இம்புட்டு நாளா எனக்கு இது தோணலையே. மாப்ள சொல்றதுதான் சரி. அடிபட்டதும் ஒரு படம், பிறகு ஒரு படம், ரெண்டையும் ஒப்பிடணும்" என்றான். நீங்கள் கைதட்டினீர்கள், அவனுக்கு. ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நான், பெரிய மனுஷன் என்ற பேர் அவனுக்கு. ஒரு வாரம் அவனோடு காபி குடிக்கப் போகவில்லை.

என் மகள் யாழினி கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறவள். போன வருஷம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஆட்டத்தில் விழுந்து ஜவ்வு அறுந்தது. அப்பன் நான் இதே வேலையில் இருக்க, "கதிரேசன் மாமா பாக்கட்டும்ப்பா. நீங்க பயந்துக்கிட்டே பாப்பீங்க" என்றாள். உண்மைதான், அதனால்தான் சுருக்கென்றது. உடனே ஒரு படம் எடுத்தான். அறுவை சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் அளந்தான்.

"எலும்பு கொஞ்சம் இளைச்சிருக்கு ஆத்தா. இப்ப களத்துல இறங்காத. அடுத்த படத்துல தேறிருச்சுன்னா ஆடு. மொத மேட்சுக்கு நானே வாரேன்" என்றான்.

இதையே நான் சொன்னபோது கதவை அறைந்து சாத்தியவள், அவனிடம் "சரி மாமா" என்றாள்.

அடுத்த படத்தை அவன் இறந்தபின், போன வியாழக்கிழமைதான் எடுத்தோம். யாழினி ஸ்கேன் மேசையிலிருந்து இறங்கி வந்து, "நீங்களே பாருங்கப்பா" என்றாள். எத்தனையோ நாள் ஏங்கிய வார்த்தை. அது இப்படி வந்திருக்க வேண்டாம்.

முன்பு அளந்த இடத்திலேயே அளந்தால்தான் ஒப்பிட முடியும். பழைய படத்தைத் திறந்தேன். எலும்பைச் சுற்றி அவன் கோடு, ஓரத்தை விட்டு எங்கும் விலகாமல் ஓடியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் புதிய படத்தில் என் கோட்டைப் போட்டேன். அழித்து அழித்துப் போட்டேன். எலும்பு தேறியிருந்தது.

"ஆடலாம்மா" என்றேன்.

"மொத மேட்சுக்கு வாரேன்னு சொன்னாருப்பா" என்றாள் யாழினி.

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். மேட்ச் என்றைக்கு என்று மட்டும் கேட்டேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோடு. இனி யார் முழங்காலை அளந்தாலும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அளப்பேன். என் கோடு அதைவிட நன்றாக வரும்வரை அவன்மேல் பொறாமைப்படுவதையும் விடமாட்டேன். அவ்வளவு சீக்கிரம் வராது என்று எனக்குத் தெரியும்.